பின்சீட்டுக் கீர்த்தனை

எங்கள் வீட்டில் கேஸை மூடுவது ஒரு தனிச் சடங்கு. முதலில் நான் மூடுவேன். பிறகு என் வீட்டுக்காரர் போய், நான் மூடியதைத் திறந்து, மறுபடியும் மூடுவார். வாசலைப் பூட்டினால் பூட்டை இழுத்துப் பார்ப்பார். தெருமுனை வரை நடந்துவிட்டுத் திரும்பி வந்து இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்பார். ரயிலுக்குப் போனால், எங்கள் ரயிலுக்கு முந்தின ரயிலையும் வழியனுப்பி வைத்துவிட்டுத்தான் ஏறுவோம். கருவூலத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பாளையங்கோட்டையில் இந்த மாதிரி மனிதர்கள் தெருவுக்கு நாலு பேர் உண்டு, ஆனால் இவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

நான் அதற்கு நேர் எதிர். விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்தவள். அப்பாவுக்கு நூல் மில்லில் வேலை. ஷிப்டு முடிந்து சங்கு ஊதியதும் சாலை முழுக்க சைக்கிளாக வரும். அந்தக் கூட்டத்துக்குள் எதிர்த்திசையில் அப்பாவின் சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டு நுழைந்து வெளியே வருவதுதான் சின்ன வயதில் எனக்கு விளையாட்டு. கொஞ்சம் வளர்ந்த பிறகு பாபநாசத்துச் சாலையின் இறக்கத்தில் இரண்டு கையையும் விட்டுவிட்டு வருவேன். அம்மா விளக்குமாற்றால் அடிப்பாள். அடி வாங்கிய மறுநாள் அதே இறக்கத்தில் அதே மாதிரிதான் வந்தேன், காற்று மட்டும் கொஞ்சம் எரிந்தது.

அப்புறம் படித்து, பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சராகி, இவரைக் கட்டிக்கொண்டு பாளையங்கோட்டைக்கு வந்தேன். இவருக்கு சைக்கிளைத் தவிர எதுவும் ஓட்டத் தெரியாது. முதலில் மொபெட் வாங்கினேன், பிறகு ஸ்கூட்டர், இப்போது இருப்பது ஒரு சிவப்பு ஸ்கூட்டர். எல்லாவற்றையும் நான்தான் ஓட்டினேன். இவர் பின்னால் உட்கார்ந்தார். பெண்டாட்டி ஓட்ட, புருஷன் பின்னால் உட்கார்ந்து ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கோயிலுக்கு வருவதைப் பார்த்து எங்கள் சபையில் சிரிக்காதவர்கள் கிடையாது. "என்ன வே, நீரு எப்ப ஓட்டப் போறீரு?" என்று கிண்டல் செய்வார்கள். இவர் வேட்டி நுனியை ஒழுங்காகச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு, "அவ நல்லா ஓட்டுதாள்லா" என்பார். ஓட்டப் பழகிக்கொள்ளுங்கள் என்று நானும் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அசையவில்லை. பயந்தாங்கொள்ளி என்று விட்டுவிட்டேன்.

பின்னால் உட்கார்ந்தால் இவர் பாடுவார். இதைக் கட்டாயம் சொல்லியாக வேண்டும். கோயிலில் எல்லோரும் எழுந்து நின்று கீர்த்தனை பாடும்போது இவர் உதடு மட்டும்தான் அசையும், பக்கத்தில் நிற்கும் எனக்கே சத்தம் கேட்காது. வண்டியில் ஏறிவிட்டால் என் காதோரம் தொடங்கிவிடும். மெதுவாகப் போனால் முனகல். வேகமெடுத்தால் சுருதி ஏறும். பஸ்ஸை முந்தினால் சரணத்துக்கே போய்விடுவார். பாவம், உயிர்ப் பயத்தில் ஆண்டவரைக் கூப்பிடுகிறார் என்று நினைத்துக்கொள்வேன். சில நாள் பரிதாபமாக இருக்கும். சில நாள் எரிச்சலாக வரும். இரண்டு நாளிலும் ஒரே வேகத்தில்தான் ஓட்டினேன்.

என்னைப் பார்த்து "ஒனக்குப் பயமே கிடையாதா?" என்று கேட்பார்கள். சுத்த அபத்தம். எனக்கு நன்றாகவே பயம் வரும், வயிற்றைக் கலக்கும், உள்ளங்கை வேர்க்கும். பயம் வந்தால் மற்றவர்களுக்குக் கால் பின்னால் போகிறது, எனக்கு முன்னால் போகிறது, அவ்வளவுதான். என் தலைக்குள் எந்நேரமும் சந்தைக்கடை மாதிரி ஒரே இரைச்சல். மகன் போன் செய்தானா, இட்லிக்கு ஊறப்போட்டேனா, அன்றைக்கு அவள் சொன்னதற்கு நான் ஏன் திருப்பிச் சொல்லவில்லை என்று ஓடிக்கொண்டே இருக்கும். வண்டி ஒரு வேகத்துக்கு மேல் போய், முன்னால் ஒரு வளைவு வந்ததும் அத்தனையும் அடங்கிவிடும். வளைவு மட்டும் இருக்கும், நான் இருப்பேன். அந்த அமைதிக்காகத்தான் இத்தனை ஆட்டமும். ஜெபக்கூட்டத்தில் கிடைக்க வேண்டியது எனக்கு மணிமுத்தாறு சாலையில் கிடைக்கிறது, அதற்கு நான் என்ன செய்ய?

என் மகள் சென்னையில் மனநல ஆலோசகராக இருக்கிறாள். ஊர்ப்பட்ட பேருக்குப் புத்தி சொன்னது போதாதென்று ஒரு நாள் எங்களையும் போனில் ஒலிபெருக்கி போடச் சொல்லி வரிசையாகக் கேள்வி கேட்டாள். தெரியாத ஊரில் தனியாகச் சுற்றப் பிடிக்குமா, தெரியாத பண்டத்தைத் தின்று பார்ப்பீர்களா, ராட்டினத்தில் ஏறுவீர்களா என்றெல்லாம். நான் எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றேன். இவர் எல்லாவற்றுக்கும் இல்லை என்றார்.

"வேகமா வண்டி ஓட்டப் பிடிக்குமாப்பா?"

"ஓட்டவா? ஐயோ, வேண்டாம்மா."

"அம்மா, ஒனக்குச் சலிப்பு தாங்காது. அது ஒரு பிறவிக் குணம். சிலருக்கு மனசு முழிச்சுக்கிட ஒரு தட்டு போதும், ஒனக்கு மேளமே அடிக்கணும்" என்று எனக்குத் தீர்ப்புச் சொன்னாள். "அப்பாவுக்குத் தட்டவே வேண்டாம்" என்று அவருக்கும் சொல்லி முடித்துவிட்டாள். எனக்கு உள்ளூரப் பெருமைதான். நான் ஒரு தனி ஜாதி என்று படித்தவள் வாயாலேயே வந்துவிட்டதல்லவா?

போன ஐப்பசியில் நடந்ததைச் சொல்கிறேன். மழைக்காலத்தில் எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மேற்கே அணையைத் திறந்தால், அங்கே இருக்கும் சொந்தக்காரர்கள் இங்கே இருப்பவர்களுக்குப் போன் போடுவார்கள். அந்தத் தண்ணீர் எப்போது சேரன்மகாதேவியைத் தாண்டும், எப்போது இங்கே வரும் என்று ஆளாளுக்குக் கணக்குச் சொல்வார்கள். சரியாக அந்த நேரத்துக்குப் பிள்ளைகுட்டிகளோடு ஆற்றுப் பாலத்தில் போய் நின்று, ஆற்றுக்குள் நிற்கிற கல்மண்டபத்தில் தண்ணீர் எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்த்துவிட்டு வருவார்கள். எனக்குத் தகவல் சொல்வது என் தங்கச்சி. இன்னமும் விக்கிரமசிங்கபுரத்தில்தான் இருக்கிறாள்.

அன்றைக்கு முக்கூடல் பக்கம் ஒரு கிராமத்தில் உறவுக்காரப் பெண்ணின் கல்யாணம். சாப்பிட்டுக் கை கழுவும்போது தங்கச்சி கூப்பிட்டாள்.

"யக்கா, அணையத் திறந்துட்டாவ. தண்ணி செக்கச்செவேல்னு போகுது. நீ எங்கன இருக்க?"

ஆற்றுத் தண்ணீர் அந்தப் பக்கம் வந்து சேரப் பொழுது சாய்ந்துவிடும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன். வீட்டுக்குப் போய், காப்பி குடித்து, பாலத்துக்கு வெள்ளம் பார்க்கப் போக நேரம் சரியாக இருக்கும். இவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். மழை விட்டிருந்தது. சாலையைக் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. காதோரம் பாட்டு ஆரம்பமானது.

ஊரைத் தாண்டி ஒரு பெரிய குளத்துக்குக் கீழே தரைப்பாலம் ஒன்று உண்டு. அதன் மேல் தண்ணீர் குறுக்கே ஓடிக்கொண்டிருந்தது. கணுக்கால் அளவுதான் இருக்கும். வண்டியை நிறுத்தினேன்.

"ஆத்துத் தண்ணி வர இன்னும் நேரம் கிடக்கு. இது சும்மா மழத்தண்ணி. நீங்க வேணா இறங்கி நடந்து வாறீங்களா?" என்று கேட்டேன்.

"வேண்டாம். நீ போ" என்றார்.

பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிற மனிதர் அப்படிச் சொன்னது எனக்கு அப்போது விசித்திரமாகப் படவில்லை. கல்யாணத்துக்குப் போட்டுவந்த செருப்பு நனைந்துவிடும் என்று பார்க்கிறார் போல என்று விட்டுவிட்டேன். வண்டி தண்ணீருக்குள் இறங்கியது. பாட்டு உச்சிக்குப் போனது. பாதிப் பாலத்தில் பாசி இருந்திருக்கிறது. பின்சக்கரம் ஒரு பக்கமாக இழுத்தது, தண்ணீரும் தள்ளியது, அடுத்த நொடி நாங்கள் இரண்டு பேரும் பக்கத்து வயலுக்குள் கிடந்தோம். கையை ஊன்றி விழுந்ததில் என் இடது மணிக்கட்டில் சடக்கென்று ஒரு சத்தம் கேட்டது.

வயலில் களை எடுத்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் ஓடிவந்து எங்களைத் தூக்கினார்கள். "காலையிலயே குளம் மறுகால் பாயுதுல்லா, பாக்கலியா?" என்றார்கள். குளம் நிறைந்து மிச்சத் தண்ணீர் வழிந்து ஓடுவதைத்தான் மறுகால் என்போம். இது தெரியாமல் வளர்ந்தவளா நான்? எங்கள் ஊர்க்காரர்களுக்கென்றே உள்ள கோளாறு இது. முப்பது மைலுக்கு அந்தப் பக்கம் ஆறு என்ன செய்கிறது என்று போனில் கேட்டுத் தெரிந்துகொள்வோம், தலைக்கு மேலே இருக்கிற குளத்தை நிமிர்ந்து பார்க்க மாட்டோம்.

"வண்டி ஓட்டுனது ஆரு?" என்று அந்தப் பெண்களில் ஒருத்தி கேட்டாள். நான் கையைத் தூக்க முடியாமல் தலையை ஆட்டினேன். இரண்டு பேரும் இவரைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அவ்வளவு பரிதாபம். இவர் வரப்பில் உட்கார்ந்திருந்தார். மூக்குக்கண்ணாடி போய்விட்டது. பட்டுக்கரை வேட்டி சேறு. முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டிருந்தார், தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. அத்தனை வருஷத்தில் இவர் அழுது நான் பார்த்ததே இல்லை. என் மணிக்கட்டு வலித்ததைவிட அது அதிகமாக வலித்தது. இந்த மனிதரைக் கொன்றிருப்பேனே என்று நினைத்துக்கொண்டே ஒற்றைக் கையால் சேற்றில் அவர் கண்ணாடியைத் துழாவினேன்.

மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்ததும் மஸ்கட்டிலிருந்து மகன் வீடியோவில் வந்தான். சென்னையிலிருந்து மகளும் சேர்ந்துகொண்டாள்.

"யம்மா, போதும். வண்டிய வித்துரணும்" என்றான் மகன்.

"ஏலே, ஒன்னய நான் வண்டியிலதான பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு விட்டேன்?" என்று நான் சத்தம் போட்டேன்.

"அம்மா, நீ விழுந்தா அது ஒன் இஷ்டம். அப்பாவுக்கு என்ன தலையெழுத்து? அவங்கள நெனச்சுப் பாரு" என்றாள் மகள்.

திரும்பி இவரைப் பார்த்தேன். புதுக் கண்ணாடி இன்னும் வரவில்லை, கண்ணைச் சுருக்கிக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சரி, விற்றுவிடுகிறேன் என்று சொன்னேன். சொல்லிவிட்டுக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நன்றாக அழுதேன். ரிட்டயராகிப் பள்ளிக்கூடம் போயிற்று, பிள்ளைகள் வெளியூர் போனார்கள், தலைக்குள் அந்த இரைச்சலை அடக்க என்னிடம் மிச்சமிருந்தது அது ஒன்றுதான். அதையும் விட்டுவிட்டு நான் என்ன ஆகப் போகிறேன் என்று தெரியவில்லை. ஆனால் இவருக்காக விடலாம் என்று தோன்றியது.

அதற்குப் பிறகு ஆட்டோவும் டவுன் பஸ்ஸும்தான். ஆட்டோவில் என் பக்கத்தில் இவர் பொம்மை மாதிரி உட்கார்ந்து வருவார். பாட்டுக் கிடையாது. நிம்மதியாக வருகிறார் என்று நினைத்தேன். ஆனால் வீட்டில் நிம்மதியான மனிதராகத் தெரியவில்லை. சாப்பாட்டில் பாதியை ஒதுக்கினார். கேஸை நான் மூடி, அவர் மூடி, படுக்கப் போகும்போது எழுந்து போய்த் திரும்பவும் மூடினார். காலையில் எழுந்ததும் கார் ஷெட்டில் நின்ற ஸ்கூட்டரைத் துணியால் துடைப்பார். சக்கரத்தின் இடுக்குக்குள் விரலை விட்டுத் துடைப்பார். வாங்குகிறவன் நல்ல வண்டி என்று நினைக்க வேண்டுமே என்று இத்தனை மெனக்கெடலா என்று எனக்கு ஆற்றாமையாக வந்தது. எப்படியும் கைவிட்டுப் போகப் போகிறது, அதைத் தடவிக் கொடுத்து வேறு அனுப்ப வேண்டுமா?

மாவுக்கட்டுப் பிரித்த பிறகு, பக்கத்துத் தெரு அரிசிக்கடை அண்ணாச்சி தன் மருமகளுக்கு வண்டி வேண்டும் என்று ஒரு சனிக்கிழமை காலை வந்தார். வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். "துடைச்சு வச்சிருக்கதப் பாத்தா விக்கப் போற வண்டி மாதிரியே இல்லியே" என்றார். ஓட்டிப் பார்க்கச் சாவி கேட்டார்.

இவர் உள்ளே போனார். போனவர் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வந்து, "சாவியக் காணோம்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்கள் வீட்டில் சாவி காணாமல் போகாது. கதவுக்குப் பின்னால் ஆணி அடித்து, எந்த ஆணியில் எந்தச் சாவி என்று வைத்திருக்கிற மனிதர். நான் மாற்றி மாட்டினால் அன்றைக்குச் சாப்பிட மாட்டார். அவர் இப்போது அண்ணாச்சியின் கண்ணெதிரே சோபாவுக்கு அடியில் குனிந்து தேடுகிறார், பிரிட்ஜைத் திறந்து பார்க்கிறார், வேதப்புத்தகத்தைத் தூக்கிப் பார்க்கிறார். அண்ணாச்சிக்கு நான் காப்பி கொடுத்தேன். அவர் குடித்து முடித்தும் தேடல் முடியவில்லை. "சரி, பைய தேடி வைங்க. நாளைக்கு வாறேன்" என்று அவர் எழுந்து போனார்.

வாசல் கேட் சாத்தும் சத்தம் கேட்டதும் இவர் தேடுவதை நிறுத்திவிட்டார். சட்டைப் பையில் சாவியின் வளையம் நன்றாகத் தெரிந்தது. ஒளித்து வைக்கக்கூடத் தெரியாத மனிதர்.

"என்ன இது?" என்றேன்.

நாற்காலியில் உட்கார்ந்தார். சாவியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"விக்க வேண்டாம்."

"பிள்ளைய ரெண்டும் கேட்டா நான் என்ன சொல்லட்டும்? ஒங்களுக்காகத்தான விக்கேன். நீங்க பயந்து பயந்து வந்தது போதாதா?"

"நான் எப்ப பயந்தேன்?"

"பாட்டு யாரு பாடுனா? உயிரக் கையில பிடிச்சுக்கிட்டு ஆண்டவரக் கூப்பிட்டது யாரு?"

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மக்குப் பிள்ளையைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். "நல்ல டீச்சர் நீ. பயந்தவனுக்குத் தொண்டை அடைக்குமா, பாட்டு வருமா?"

அண்ணாச்சி குடித்த டம்ளரை எடுத்தவள் திரும்பக் கீழே வைத்தேன்.

"அன்னைக்கு வரப்புல உக்காந்து அழுதீங்களே" என்றேன் கடைசியில்.

"அழுதேனா? சிரிப்ப அடக்க முடியல. ஒன் கை ஒடிஞ்சு கிடக்கு, ரெண்டு பொம்பளைய நிக்காவ, சிரிச்சா நல்லாவா இருக்கும்? அதான் மூஞ்சிய மூடிக்கிட்டேன்." அதைச் சொல்லும்போதே அந்தச் சிரிப்பு மறுபடி வந்துவிட்டது, தோள் அதே மாதிரி குலுங்கியது. பிறகு அடங்கி, மெதுவாகச் சொன்னார்: "ஏளா, எனக்கு எதையும் தானாச் செய்யத் துணிச்சல் கிடையாது. வழக்கமா வாங்குத முட்டாய மாத்தி வாங்கக்கூட யோசிப்பேன். ஒம் பின்னால உக்காந்தா மட்டும் யோசிக்கதுக்கு ஒண்ணும் இருக்காது. எந்தப் பூட்டும் ஞாபகம் வராது. ஒனக்காவது கையில பிரேக்கு இருக்கு. எனக்கு என்ன இருக்கு, சொல்லு?"

நான் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு மட்டும்தான் தலைக்குள் சந்தைக்கடை என்று எத்தனை வருஷம் நினைத்திருந்தேன்! இவர் கேஸை மூடி மூடித் திறந்தது வேறென்ன? வேகம் என் சொத்து என்று இருந்தேன். நான் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, பிரேக்கில் விரலை வைத்துக்கொண்டு வீரம் காட்டினேன். இந்த மனிதர் கையில் ஒன்றுமே இல்லாமல், முன்னால் என்ன வருகிறது என்றுகூடத் தெரியாமல், என் முதுகை மட்டும் பார்த்துக்கொண்டு அத்தனை வளைவிலும் வந்திருக்கிறார். அதுவும் பாடிக்கொண்டு. எங்கள் வீட்டில் துணிச்சல்காரர் யார் என்று கேட்டால் இனி நான் கையைத் தூக்க முடியாது.

அன்று மாலையே பிள்ளைகளை வீடியோவில் கூப்பிட்டு, "வண்டிய நான்தான் விக்க வேண்டாம்னு சொன்னேன்" என்று இவரே சொன்னார். மகன் கொஞ்சம் குதித்தான். மகள், "அப்பா, ஓட்டப் பிடிக்குமான்னுதான் ஒங்ககிட்ட கேட்டேன். பின்னால உக்காரப் பிடிக்குமான்னு நான் கேக்கவே இல்லயே" என்றாள். தண்ணீர் ஓடுகிற தரைப்பாலத்தில் இறங்க மாட்டேன் என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் போனை வைத்தாள். நானும் மனதாரத்தான் கொடுத்தேன். சாவி கிடைத்துவிட்டது, வண்டி கிடைக்காது என்று அண்ணாச்சிக்குச் சொல்லியனுப்பினோம்.

மறுநாள் ஆராதனை முடிந்து மணிமுத்தாறுக்குக் கிளம்பினோம். இவர் பூட்டை இழுத்துப் பார்த்தார். தெருமுனை வரை போய்த் திரும்பச் சொன்னார், திரும்பினேன், இன்னொரு தடவை இழுத்தார். பிறகு ஏறி உட்கார்ந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். கல்லிடைக்குறிச்சி தாண்டி இரண்டு பக்கமும் வயலாக விரிந்தது. சாலை காலியாகக் கிடந்தது. வேகமெடுத்தேன். காதோரம் முனகல் வந்தது, முனகல் பல்லவியானது, பல்லவி சரணத்துக்கு ஏறியது. என்ன ஒரு குரல்! கோயிலில் இதைக் கேட்டிருந்தால் பாடகர் குழுவில் முன்வரிசையில் நிறுத்தியிருப்பார்கள். இத்தனை நாள் இதை ஒப்பாரி என்று நினைத்த என் காதை அறுத்துத்தான் போட வேண்டும்.

திடீரென்று தோளில் இருந்த பாரம் காணாமல் போனது. பாட்டு மட்டும் கேட்கிறது, கை இல்லை. வண்டியின் பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். புது மூக்குக்கண்ணாடி மினுங்க, ஹெல்மெட்டோடு அண்ணாந்துகொண்டு, அந்த மனிதர் இரண்டு கையையும் விட்டிருந்தார்.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. உள்ளங்கை வேர்த்தது. பிறந்ததிலிருந்து முதல் தடவையாக என் கால் பின்னால் போனது. பிரேக்கைப் பைய அழுத்தினேன்.

"ஏங்க, எனக்குப் பயமா இருக்கு. பிடிச்சுக்கிடுங்க" என்றேன்.

"நீ பாட்டுக்கு ஓட்டு, டீச்சர்" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து சரணத்தை எடுத்தார்.